12 அடி அலுமினியம் போட்டுக்கு 15 எச்பி மோட்டார் தாங்குமா?

பரிசல் பேரன், கொளத்தூர்:

வணக்கம் அண்ணன்மாருங்களே. எங்க வீட்ல மேட்டூர் டேம்ல மீன் புடிக்கிற லைசென்ஸ் இருக்கு, தாத்தா காலத்துல இருந்து பரிசல்தான். போன வருஷம் நான் சேலத்துல டேங்கர் பாடி கட்டுற ஒரு பட்டறையில சொல்லி 12 அடியில அலுமினியம் போட் ஒண்ணு செஞ்சு வாங்கினேன், அடி தட்டையா இருக்கும், ரெண்டு ஓரமும் பெட்டி மாதிரி மடிச்சு வெல்டு வெச்சது. இப்ப துடுப்பு போட்டுதான் ஓட்டுறோம். பண்ணவாடி பக்கம் வலை விட்டுட்டு ஆடி மாசம் திரும்பி வர்றப்ப எதிர்க்காத்து புடிச்சிருச்சுன்னா ரெண்டு பேர் தள்ளியும் போட் நின்ன எடத்துலயே நிக்குது. கடலோரத்துல இருக்கற சொந்தக்காரர் ஒருத்தர் ஃபைபர் போட்ல ஓடுன 15 எச்பி டூ ஸ்ட்ரோக் மோட்டார் குறைஞ்ச விலைக்குத் தர்றேங்கறார். அப்பா வேண்டாம்னு ஒரே புடியா நிக்கறார். போட் நடு அகலம் நாலரை அடி, சாதாரணமா மூணு பேர் போவோம். 15 போடலாமா இல்ல அது பெருசா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, வர்ற வாரத்துக்குள்ள பதில் சொல்லணும்.

வேகம்_எடப்பாடி:

தாராளமா போடுங்க தம்பி. பவர் கூட இருந்தா தப்பில்ல, ஆக்ஸிலேட்டரை கொறச்சு ஓட்டுனா முடிஞ்சுது. சின்ன மோட்டார் வாங்கிட்டு அப்புறம் பத்தலைன்னு வருத்தப்படறதுக்கு இது மேல்.

பாடி பில்டர், சேலம்:

மேல சொன்னது தப்புங்க, கோவிச்சுக்காதீங்க. நான் 20 வருஷமா அலுமினியம் வெல்டிங்லதான் இருக்கேன், போட் மூணு நாலு செஞ்சிருக்கேன், அதுல ஒண்ணு பின்பலகை, அதாவது மோட்டார் மாட்டுற பின்பக்கச் சுவர், பொளந்து என்கிட்டயே திரும்பி வந்துச்சு, அதனால சொல்றேன். மெதுவா ஓட்டுனாலும் மோட்டாரோட எடை கொறையாது. 15 எச்பி டூ ஸ்ட்ரோக்னா 36, 38 கிலோ இருக்கும், ஃபோர் ஸ்ட்ரோக்கா இருந்தா 45க்கு மேலயே போகும். அது அத்தனையும் படகுக்கு வெளிய, பின்பலகையில தொங்குது. நீங்க வண்டிக்குப் பின்னாடி கேரியர்ல மூட்டை கட்டுற மாதிரி நெனைக்காதீங்க, கேரியருக்கும் பின்னாடி ஒரு ஆள் தொங்குற மாதிரி நெனைங்க.

அப்புறம் தள்ளு விசை. மோட்டாரோட விசிறி தண்ணிக்குள்ள கீழ இருந்து படகை முன்னாடி தள்ளுது, மோட்டாரை மாட்டுற கிளாம்ப் பலகையோட மேல் விளிம்பைப் புடிச்சிருக்கு, அதனால மோட்டார் கடப்பாரை மாதிரி வேலை செய்யுது. ஆக்ஸிலேட்டர் முறுக்குற ஒவ்வொரு தடவையும் பலகையோட அடிப்பக்கத்தை முன்னாடி தள்ளும், மேல்விளிம்பை பின்னாடி இழுக்கும். அந்த நெம்பல் முழுக்க பலகையும் பக்கத் தகடும் சேர்ற வெல்டு மேலதான் வந்து விழும். அலுமினியத்துல இரும்பு மாதிரி கிடையாது, வெல்டு வெச்ச எடத்துக்கு ஓரமா சூடு பட்ட தகடு முன்ன இருந்ததை விட மெத்துன்னு ஆயிரும். விரிசல் விட்டா வெல்டு மேல விடாது, அந்த ஓரத்துலதான் தலைமுடி மாதிரி ஒரு கோடா ஆரம்பிக்கும். கையில தடவுனா தெரியாது, நகத்தை வெச்சு இழுத்தா லேசா தட்டும்.

தம்பி முதல்ல இதைச் சொல்லுங்க: பின்பலகை வெறும் தகடா, உள்ள பிளைவுட் வெச்சிருக்காங்களா? படகோட தரையில இருந்து பலகைக்கு முட்டு குடுத்திருக்காங்களா?

பரிசல் பேரன், கொளத்தூர்:

வெறும் தகடுதாங்கண்ணா, மேல விளிம்பு மடிச்சிருக்கு அவ்ளோதான். முட்டு எதுவும் இல்ல. துடுப்புக்குன்னு சொல்லித்தான் செஞ்சேன், அவங்க மேல தப்பு இல்ல.

பாடி பில்டர், சேலம்:

அப்ப 15ம் இல்ல, 5ம் இல்ல, இப்போதைக்கு ஒண்ணுமே மாட்டாதீங்க. முதல்ல பலகை. மரைன் பிளைவுட், ஐஎஸ் 710 முத்திரை இருக்கறதா பாத்து 18 மி.மீ. ரெண்டு ஷீட்டை ஒட்டி உள்பக்கம் வெக்கணும், விளிம்பு எல்லாம் எப்பாக்ஸி பூசணும், இல்லன்னா ரெண்டு மழைக்கு ஊறிப்போகும். செம்பு கலந்த மருந்து போட்ட பலகை வாங்கிராதீங்க, அது ஈரத்துல அலுமினியத்தை அரிச்சு பொடியாக்கிரும். போல்ட் ஸ்டெயின்லெஸ்ல போடுங்க, வாஷருக்கு அடியில சீலன்ட் வைங்க. தரையில இருந்து பலகைக்கு முக்கோணமா ரெண்டு முட்டு, கிளாம்ப் வர்ற எடத்துக்கு ரெண்டு பக்கமும். இது ஒரு நாள் வேலை.

நாகைக்காரன், இப்ப சேலம்:

எங்க ஊர்ல படகு முன்பக்கத்தை அணியம்னும் பின்பக்கத்தை அமரம்னும் சொல்லுவோம். அமரம் அமுங்குனா ஆபத்துன்னு சின்னப்புள்ளைல இருந்தே கேட்டு வளந்தவன். ஒரு விஷயம் யாரும் கேக்கல. அந்த மோட்டார் ஃபைபர் போட்ல ஓடுனதுன்னா பெரும்பாலும் லாங் ஷாஃப்டாதான் இருக்கும், அதாவது விசிறி வரைக்கும் எறங்குற தண்டு நீளமா, 20 இஞ்ச் பலகைக்கு. உங்க போட்ல பின்பலகை உயரம் என்ன? 15 இஞ்ச்சா இருந்தா விசிறி 5 இஞ்ச் கூடுதலா கீழ தொங்கும். கடல்ல ஆழம் இருக்கு சரி, மேட்டூர்ல தண்ணி எறங்குனா என்னென்ன மேல வருதுன்னு உங்களுக்குத் தெரியாததா?

பரிசல் பேரன், கொளத்தூர்:

அளந்துட்டேங்கண்ணா, பலகை உயரம் 15 இஞ்ச்சுக்கு ஒரு நூல் கூட. நீங்க சொன்னது நூத்துக்கு நூறு சரி. பண்ணவாடியில தண்ணி எறங்குனா ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளிய தெரியும், பழைய சர்ச் கோபுரம் தெரியும். அணை கட்டுறப்ப முழுகுன ஊருங்க அது, 1934ல அணை முடிஞ்சுது. நந்தியாவது பெருசு, எங்க இருக்குன்னு தெரியும், பழைய சுவரும் மரக்கட்டையும்தான் பிரச்சனை, தண்ணிக்கு ஒரு முழம் கீழ நிக்கும், கண்ணுக்குத் தெரியாது. பரிசல்னா தட்டிட்டு வழுக்கிப் போயிரும்.

ஆனா இன்னும் கேள்வி இருக்கு. பலகையை பலமாக்கிட்டு, ஷார்ட் ஷாஃப்ட்ல 15 கெடைச்சா போடலாமா?

வாத்தியார், அம்மாபேட்டை:

இதுக்கு ஒரு கணக்கு இருக்கு தம்பி. அமெரிக்காவுல 20 அடிக்கு உள்ள இருக்கற சாதாரண மோட்டார் படகுல எத்தனை ஆள், எத்தனை எடை, அதிகபட்சம் எத்தனை எச்பின்னு ஒரு தகடு அடிச்சே விக்கணும்னு சட்டம். அந்த எச்பி எப்படி வருதுன்னா, படகு நீளத்தை அடியில எடுத்து பின்பலகை அகலத்தால பெருக்கணும். பெருக்கி வர்ற எண் 35 வரைக்கும் 3 எச்பி, 36ல இருந்து 39 வரைக்கும் 5, 40ல இருந்து 42 வரைக்கும் ஏழரை, 43ல இருந்து 45 வரைக்கும் 10, 46ல இருந்து 52 வரைக்கும் 15. உங்களது மாதிரி தட்டை அடி, ஓரம் பெட்டியா மடிஞ்சதுன்னா இதுலயும் ஒரு படி எறங்கணும். 52க்கு மேல போனா, ஸ்டியரிங் இல்லாம கைப்புடியில ஓட்டுற தட்டைப் படகுக்கு அந்த எண்ணுல பாதி எடுத்து 15 கழிக்கணும், வர்றதை அடுத்த அஞ்சின் மடங்குக்கு ஏத்திக்கலாம்.

இப்ப நீங்க சொன்ன நாலரை அடியை வெச்சுப் பாருங்க: 12 பெருக்கல் 4.5, 54. பாதி 27, 15 போனா 12, ஏத்துனா 15 எச்பி. ஆஹா சரியா வந்துருச்சேன்னு தோணும். ஆனா நாலரைங்கறது நடு அகலம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. கணக்குக்கு வேணுங்கறது பின்பலகை அகலம், அதுவும் அதோட அகலமான எடத்துல, கைப்பிடி மாதிரி ஒட்டு வேலையெல்லாம் சேக்காம. அதை அளந்து போடுங்க.

பரிசல் பேரன், கொளத்தூர்:

இப்பதான் டேப் புடிச்சேன் சார். பின்னாடி 3 அடி 8 இஞ்ச்தான் இருக்கு. பட்டறையில பின்னாடி கொஞ்சம் ஒடுக்கித்தான் மடிச்சிருக்காங்க, நான் கவனிக்கவே இல்ல.

வாத்தியார், அம்மாபேட்டை:

12 பெருக்கல் 3.67, 44. அட்டவணைல 10, தட்டை அடிக்கு ஒரு படி எறங்குனா ஏழரை. நடுவுல அளந்ததுக்கும் பின்னாடி அளந்ததுக்கும் 10 இஞ்ச் வித்தியாசம், மோட்டார் பாதியாயிருச்சு பாத்தீங்களா. பின்பக்கம் ஒடுங்க ஒடுங்க தண்ணியில தாங்குற பரப்பு கொறையுது, அதான் காரணம். இன்னொண்ணும் மனசுல வைங்க, ஏழரைங்கறது உச்சவரம்பு, வாங்கச் சொல்ற அளவு இல்ல. அதுவும் ஃபேக்டரியில ஒழுங்கா பலகை வெச்சு, மூழ்காம இருக்க ஃபோம் அடைச்ச படகை நெனைச்சுப் போட்ட கணக்கு. ஆள் கணக்குக்கு நீளத்தையும் நடு அகலத்தையும் பெருக்கி 15ஆல வகுப்பாங்க, உங்களுக்கு 3.6, அதாவது மூணு பேர். நாலாவது ஆள் கெடையாது, குழந்தையா இருந்தாலும்.

மிளகுத்தோட்டம், ஏற்காடு:

இந்த இழையை மூணு நாளா படிச்சிட்டு இருக்கேன், எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சு இப்ப எழுதறேன். எங்க எஸ்டேட்ல மூணு ஏக்கர்ல ஒரு குளம் இருக்கு, ஸ்பிரேயருக்கும் காபி கழுவவும் அந்தத் தண்ணிதான். 10 அடி தட்டை போட் ஒண்ணு வெச்சிருந்தோம். ஃப்ரெண்டு ஒருத்தர் கிட்ட 8 எச்பி டூ ஸ்ட்ரோக் கெடந்துச்சு, அதை மாட்டினோம். மலை மேல காத்து லேசு, எஞ்சின் எப்படியும் பவர் கம்மியாத்தான் குடுக்கும், அதனால பெருசா போட்டா சரியாப் போயிரும்னு நாங்களே ஒரு நியாயம் சொல்லிக்கிட்டோம்.

மார்கழி மாசம், காலைல எட்டு மணி, பனி இன்னும் தண்ணி மேலயே கெடந்துச்சு. நான் பின்னாடி மோட்டார்கிட்ட, மச்சான் முன்னாடி கம்பு வெச்சுக்கிட்டு. முழுசா முறுக்குனதும் முன்பக்கம் தூக்கிருச்சு, எனக்கு எதிர்ல மச்சான் முதுகும் வானமும்தான் தெரியுது. கரை பக்கத்துல வந்துருச்சுன்னு பயந்து ஆக்ஸிலேட்டரை ஒரேடியா விட்டுட்டேன். அங்கதான் தப்பு. படகு நின்னுருச்சு, ஆனா படகு கெளப்பின அலை நிக்கல, பின்னாடியே வந்துட்டு இருந்தது அப்படியே பலகை மேல ஏறி உள்ள விழுந்துச்சு. முதல் அலையில கணுக்கால் வரைக்கும். நான் எந்திரிச்சேன், அது ரெண்டாவது தப்பு, என் எடையும் சேந்து பின்பக்கம் இன்னும் எறங்குச்சு, அடுத்ததுல பலகையே தண்ணிக்குக் கீழ போயிருச்சு. எண்ணி பத்து செகண்டு இருக்காது. மோட்டார் இழுத்துட்டு பின்பக்கம் கீழ போக முன்பக்கம் மட்டும் செங்குத்தா ஒரு அடி வெளிய நின்னுச்சு. தண்ணி மேல எண்ணெய் கலர் கலரா விரிஞ்சது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. லைஃப் ஜாக்கெட் இருந்துச்சு, ரெண்டையும் மடிச்சு உக்காரப் போட்டிருந்தோம். மச்சானுக்கு நீச்சல் அரைகுறை. ஒரு ஜாக்கெட் மிதந்து அவன் கைக்கு வந்துச்சு, அதனால அவன் இன்னிக்கு இருக்கான்.

அப்புறம்தான் ஒவ்வொண்ணா தெரிஞ்சுக்கிட்டேன். மலைக்கு மேல போகப் போக ஆயிரம் அடிக்கு சுமார் 3 சதவீதம் எஞ்சின் பவர் கொறையும், ஏற்காடு கிட்டத்தட்ட 5000 அடி, அப்ப 15 சதவீதம் போச்சு, 10 எச்பி போட்டா எட்டரைதான் வேலை செய்யும். இது உண்மை. ஆனா அதுக்குப் பெரிய மோட்டார் மருந்து இல்ல. எஞ்சின் பவர் கொறையுமே தவிர எடை கொறையாது, படகும் பெருசாகாது. கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற துளையை, ஜெட்டுன்னு சொல்லுவாங்க, சின்னதா மாத்தணும், இல்லன்னா காத்து பத்தாம பெட்ரோல் கூடி பிளக்கு கரி புடிச்சுக் கருத்துக் கெடக்கும். விசிறியும் பிட்ச் கம்மியா, அதாவது இதழோட சாய்வு கொறைஞ்சதா ஒண்ணு போட்டா எஞ்சின் சுத்து சரியா வரும்.

இப்ப எலக்ட்ரிக் ட்ரோலிங் மோட்டார்தான் வெச்சிருக்கேன், 12 வோல்ட், 55 பவுண்ட் தள்ளு. அதுக்கு மேடு பள்ளம் தெரியாது, குளத்துலயும் பெட்ரோல் சிந்தாது. முழு வேகத்துல 50 ஆம்பியர் இழுக்கும், நான் பாதியிலதான் ஓட்டுவேன். பேட்டரியை முன்பக்கம் வெச்சுட்டு கேபிளை பின்னாடி இழுத்திருக்கேன், என் எடைக்கு அது ஈடு.

பரிசல் பேரன், கொளத்தூர்:

அண்ணா படிச்சுட்டு கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியல. இதை அப்பாகிட்டயும் படிச்சுக் காட்டினேன். நாங்களும் ஜாக்கெட்டை உக்காரத்தான் போட்டிருந்தோம்.

வேகம்_எடப்பாடி:

ஏற்காடு அண்ணா எழுதுனதைப் படிச்சேன். நான் முதல்ல சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன் தம்பி, அதை யாரும் நம்பி செஞ்சுராதீங்க. ஒரு சந்தேகம், பூலாம்பட்டியில நெருஞ்சிப்பேட்டைக்கு ஓடற படகுல பைக்கெல்லாம் ஏத்திட்டுப் போறாங்களே, அது எப்படி நிக்குது?

நாகைக்காரன், இப்ப சேலம்:

அது அகலமும் நீளமும் வேற, தடுப்பணைக்கு மேல தேங்கி நிக்கற தண்ணி, வேகமும் நடை வேகம்தான். 12 அடியோட சேத்துப் பாக்கக் கூடாது.

தம்பி, உங்களுக்கு வேகம் எவ்வளவு வேணும்னு யோசிங்க. 12 அடி படகு தண்ணியைத் தள்ளிட்டுப் போற வேகத்துக்கு ஒரு எல்லை இருக்கு, மணிக்கு எட்டரை கிலோமீட்டர் பக்கம். அது வரைக்கும் போக 3 எச்பி போதும். அதுக்கு மேல போகணும்னா படகு தண்ணி மேல ஏறி வழுக்கணும், மூணு ஆளும் வலையும் மீனும் ஏத்துன படகை ஏத்தறதுக்கு நிறைய பவர் வேணும், கெடைக்கலைன்னா முன்பக்கத்தைத் தூக்கிட்டு பின்பக்கம் அமுங்கி எழுந்திரிக்காமலே ஓடும், ஏற்காடு அண்ணனுக்கு நடந்தது அதுதான். உங்களுக்குத் தேவை எதிர்க்காத்துல நிக்காம வீடு வந்து சேர்றது. ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்பாங்க, ஆனாலும் அதுக்கு 5, 6 எச்பி ஷார்ட் ஷாஃப்ட் தாராளம், எடை 25ல இருந்து 28 கிலோவுக்குள்ள.

இன்னொண்ணு. கில் ஸ்விட்ச் கயிறு, ஓட்டுறவன் விழுந்தா இழுபட்டு எஞ்சினை நிறுத்தறது, சிவப்புல சுருள் சுருளா இருக்குமே, அதை மணிக்கட்டுலயோ ஜாக்கெட்லயோ மாட்டாம எஞ்சின் ஸ்டார்ட் பண்ணவே கூடாது. கைப்புடி மோட்டார்ல ஓட்டுறவன் விழுந்தா புடி தானா ஒரு பக்கம் திரும்பி படகு வட்டம் போட்டு அவன் மேலயே வரும். அமெரிக்காவுல 2021 ஏப்ரல்ல இருந்து 26 அடிக்கு உள்ள படகுல 3 எச்பியும் அதுக்கு மேலயும் இருந்தா வேகமா ஓட்டுறப்ப அதை மாட்டியே ஆகணும்னு சட்டமே போட்டுட்டாங்க. செகண்ட் ஹேண்ட் மோட்டார்ல பாதிக்குப் பாதி அந்தக் கயிறு தொலைஞ்சு போய் ஒரு கம்பியை வெச்சு முடிச்சுப் போட்டிருப்பாங்க. அதை முதல்ல பாருங்க.

வாத்தியார், அம்மாபேட்டை:

ஃபோம் பத்தி நானும் ஒரு கணக்கு சொல்லிடறேன். உங்க போட் 80 கிலோன்னு வைங்க. அலுமினியம் தண்ணியை விட 2.7 மடங்கு கனம், அப்ப மூழ்குனா தகடு 30 லிட்டர் தண்ணியைத்தான் விலக்கும், மீதி 50 கிலோவை யாராவது தூக்கணும். ஒரு லிட்டர் எடம் ஒரு கிலோவைத் தூக்கும். படகுக்கு 50 லிட்டர், மோட்டாருக்கு ஒரு 25, டேங்க் வலை இதெல்லாம் சேத்தா 100 லிட்டருக்குக் கொறையாம ஃபோம் வேணும், அதாவது 20 லிட்டர் வாட்டர் கேன் அஞ்சு அளவு. தெர்மோகோல் போடாதீங்க, பெட்ரோல் பட்டா கரைஞ்சிரும். பாலியூரிதேன் ஃபோம் போடுங்க. தரைக்கு அடியில வெக்காம ரெண்டு பக்கமும் மேல வைங்க, அப்பதான் தண்ணி ரொம்புனாலும் கவுறாம நேரா நிக்கும். பின்பக்க மூலை ரெண்டுலயும் கொஞ்சம் கூடவே வைங்க.

டிபார்ட்மெண்ட் விஷயமும் விட்றாதீங்க. 1917 சட்டத்தை எடுத்துட்டு 2021ல உள்நாட்டு கப்பல் சட்டம்னு புதுசு வந்திருக்கு, எந்திரத்துல ஓடற படகுக்கு சோதனையும் பதிவும் வேணும்னு சொல்லுது. உங்க லைசென்ஸ் பரிசலுக்கு எடுத்தது. மோட்டார் மாட்டறதுக்கு முன்னாடி மீன்வளத்துறை ஆபீஸ்லயும் அணை ஆபீஸ்லயும் எழுத்து மூலமா கேட்டு வாங்கிக்கங்க.

பரிசல் பேரன், கொளத்தூர்:

எல்லாருக்கும் நன்றி. சொந்தக்காரருக்கு போன் பண்ணி மோட்டார் வேண்டாம்னு சொல்லிட்டேன், கொஞ்சம் மனத்தாங்கல்தான், பரவால்ல. ரெண்டு ஆபீஸ்லயும் மனு குடுத்து ரசீது வாங்கி வெச்சிருக்கேன், பதில் வர்ற வரைக்கும் துடுப்புதான். அதுக்குள்ள பலகை வேலையும் ஃபோம் வேலையும் முடிச்சுரலாம்னு இருக்கேன்.

பாடி பில்டர், சேலம்:

நல்லது தம்பி. பலகை வேலை முடிஞ்சதும் ஆளை ஏத்திப் பாக்காதீங்க. 20 லிட்டர் கேன்ல தண்ணி புடிச்சா ஒண்ணு 20 கிலோ. மோட்டார் எடத்துல ஒண்ணரை கேன் எடையைப் பலகையிலயே கட்டித் தொங்கவிடுங்க, ஓட்டுறவர் எடத்துல நாலு, நடுவுலயும் முன்னாடியும் உக்கார்ற ஆளுக்கு நாலு நாலு. பெட்ரோல் டேங்கை நடுவுல வைங்க. கரையோரமா இடுப்பளவு தண்ணியில விட்டுட்டு, பின்பலகை மேல்விளிம்புக்கும் தண்ணிக்கும் எவ்வளவு இருக்குன்னு அளங்க. ஒரு சாணுக்குக் கொறைஞ்சா ஒரு ஆளைக் கொறைங்க.

பரிசல் பேரன், கொளத்தூர்:

இன்னிக்கு காலைல பாத்துட்டோங்கண்ணா. பிளைவுட், முட்டு எல்லாம் நீங்க சொன்ன மாதிரியே வெச்சாச்சு. மூணு ஆள் எடைக்கு கேன் ஏத்துனா பலகையில 8 இஞ்ச்தான் மிச்சம், சாணுக்குக் கொறைச்சல். அப்பாதான் ஸ்கேல் புடிச்சு அளந்தார், அளந்துட்டு நடுவுல இருந்த நாலு கேனை அவரே எறக்கி வெச்சுட்டார். ரெண்டு ஆள் எடைக்கு 9 இஞ்ச், ஒரு சாண் வருது. இனி ரெண்டு பேர்தான் போறதுன்னு வீட்ல முடிவு பண்ணிட்டோம், தம்பி கரையில நின்னு வலை வாங்குவான். 6 எச்பி ஷார்ட் ஷாஃப்ட் ஒண்ணு ஈரோட்ல இருக்குன்னு சொன்னாங்க, பர்மிஷன் வந்ததும் போய்ப் பாக்கணும். சிவப்புக் கயிறு இருக்கான்னு போன்லயே கேட்டுட்டேன், இருக்குன்னார்.